கண் நலமாயினும் பார்வை குன்றுவதேன்?

பார்வை மங்கியதும் நாம் மூக்குக்கண்ணாடியை நாடுகின்றோம். ஆயின், கண் பழுதற்றிருக்கவும் காட்சி மறைவதுண்டு. கண்ணிற் படும் உருவத்தை நரம்பு மூளையின் பிற்பகுதிக்குக் கொண்டு செல்கின்றது; காண்டல் அங்கேதான் நிறைவுறுகின்றது.

1904-05 இல் நிகழ்ந்த உருசிய யப்பானியப் போரில் தலையிற் குண்டு பாய்ந்த வீரரை ஆராய்ந்த யப்பானியக் கண் மருத்துவர் தட்சுஜி இனோயே, மூளையின் எவ்விடம் காட்சியின் எப்பகுதிக்குரியது என 1909 இல் விளக்கினார்.

பழுதுற்ற இடத்தை மறைவின் வடிவமே காட்டும். ஒரு கண் மட்டும் மங்கின், பழுது அக்கண்ணிலோ அதன் நரம்பிலோ இருக்கும். இரு கண்களுக்கும் இடப்பக்கம் மறையின், பழுது மூளையின் வலப்பக்கத்தது. இதனைத் தேர்ந்து அறிபவரே நரம்புசார் கண் மருத்துவர்.

ஆதலின், கண்களை மாறி மாறி மூடிச் சோதியுங்கள். பார்வை திடீரென மறைந்தாலோ இரட்டையாகத் தோன்றினாலோ, அக்கணமே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அது பாரிசவாதத்தின் அறிகுறியாகவும் இருத்தல் கூடும்.