வாசல் திறந்தது, படி உயர்ந்தது

பிரிட்டனில் தஞ்சம் மறுக்கப்பட்ட ஐந்து ஈழத்தமிழர்களின் வழக்கில் ஸ்ட்ராஸ்பூர்க்கின் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1991-இல் தீர்ப்புச் சொன்னது. தோற்றார்கள். ஆனால் தீர்ப்பு வருமுன்பே அவர்கள் இலங்கைக்கு அனுப்பப்பட்டு, பிரிட்டனில் நடந்த மேல்முறையீட்டில் வென்று, திரும்பியும் வந்துவிட்டார்கள்!

அந்த நீதிமன்றத்தை அவர்களால் நேராக அணுக முடிந்திருக்காது. அன்று மனித உரிமை ஆணையம் என்று தனியாக ஒன்று இருந்தது. மனு ஏற்கத்தக்கதா என்று முதலில் அது பார்க்கும். பிறகு ஆணையமோ, சம்பந்தப்பட்ட அரசோ கொண்டுபோனால்தான் வழக்கு நீதிபதிகளிடம் போகும். தனிமனிதர் மனுவை ஏற்பதும் அந்தந்த நாட்டின் விருப்பம்தான். 1950-இலேயே மனித உரிமை உடன்படிக்கையில் கையெழுத்திட்ட பிரான்ஸ், தன் மக்களுக்கு அந்த உரிமையைத் தர 1981 ஆயிற்று.

1998 நவம்பர் 1 முதல் இடையில் ஆணையம் இல்லை. எந்த உறுப்பு நாட்டின் மீதும் யாரும் நேரே மனுப்போடலாம். கூட்டம் அலைமோதியது. 2011-இல் தேங்கிய மனுக்கள் ஒன்றரை லட்சத்தைத் தாண்டின.

இதற்கிடையே படியை உயர்த்தத் தொடங்கினார்கள். 2010-இல் ‘குறிப்பிடத்தக்க பாதிப்பு’ என்றொரு நிபந்தனை வந்தது. தனக்கு வரவேண்டிய 22.50 ரூபிளுக்காக வழக்காடிய ரஷ்யரின் மனு அதில் அடிபட்டது. ஒரு யூரோ கூடத் தேறாத தொகை. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தெளிவாக ஏற்கத்தகாத மனுவை ஒற்றை நீதிபதியே தள்ளிவிடலாம் என்பதும் அதே ஆண்டில் வந்ததுதான். அதற்கு மேல்முறையீடு கிடையாது.

என்னை உறுத்துவது வேறு. முன்பு குறையைச் சொல்லி ஒரு கடிதம் எழுதிப்போட்டாலே மனுவுக்கான கெடு ஓடுவது நிற்கும். 2014 முதல் நீதிமன்றத்தின் படிவத்தை முழுதாக நிரப்பி, கையொப்பமிட்டு, உள்நாட்டுத் தீர்ப்புகளின் நகல்களோடு அனுப்பவேண்டும். ஏதாவது விடுபட்டால் அனுப்பாததற்குச் சமம். உள்நாட்டின் கடைசித் தீர்ப்பிலிருந்து ஆறு மாதமாக இருந்த கெடு, 2022 பிப்ரவரி 1 முதல் நான்கு மாதம். வக்கீல் வைக்க வசதியுள்ளவருக்கு அது போதும். சிறையிலிருந்து தானே எழுதுகிறவருக்கு, நகல் எடுக்கவே எத்தனை வாரம் ஆகும்?

நாள் கணக்கு இன்றும் தபால் முத்திரையை வைத்துத்தான்.