பாசிங் ஆன கார்

கட்கியில் எங்கள் வகுப்பு இரவு எட்டு மணிக்குத் தொடங்கும். ஒரு நாள், பூக் கட்டும் அக்கா ஒருவர் நோட்டோடு ஒரு காகிதத்தையும் கொண்டு வந்தார். அது ஒரு பழைய காரின் ஆர்.சி. நகல்.

"தம்பி, இதைக் கொஞ்சம் பாருங்க. மாருதி 800. நாப்பதாயிரம் சொல்றாங்க. எங்களுக்குச் சீட்டுப் பணம் வந்திருக்கு. மாமியாரை வாரம் ரெண்டு தடவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். மழையில ஸ்கூட்டர்ல உட்கார வைக்க முடியல. பாசிங் ஆன வண்டி, அஞ்சு வருஷத்துக்குக் கவலையே இல்லைன்னு தரகர் சொல்றார். நிஜமா?"

நான் காகிதத்தை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். "ஆண்டுகளை நீங்களே படியுங்கள், அக்கா" என்றேன். அவர் விரல் வைத்துப் படித்தார். பதிவு செய்த ஆண்டு 2010. செல்லும் காலம் 2030 வரை.

ஆண்டுகள் சரிதான். ஆனால் 'கவலை இல்லை' என்று அந்தக் காகிதத்தில் எங்கும் எழுதவில்லை.

பாசிங் என்றால் என்ன? நம் ஊரில் எஃப்.சி. என்போம். புனேயில் பாசிங் என்பார்கள். ஆர்.டி.ஓ. அதிகாரி வண்டியைப் பார்த்து, ஓடத் தகுந்தது என்று எழுதித் தருவதுதான் அது. டாக்சி, லாரி, பஸ் ஆகியவற்றுக்கு எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை இந்தச் சோதனை உண்டு. அதற்கு மேல் ஆண்டுதோறும் உண்டு. சொந்தக் காருக்கு அப்படி இல்லை. முதல் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். அதன் பிறகுதான் சோதனை. தேறினால் இன்னும் ஐந்து ஆண்டு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 ஆண்டு ஓடும் காரின் பிரேக்கை இடையில் ஒரே ஒரு நாள்தான் அரசு பார்க்கிறது. பி.யூ.சி. சீட்டு இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். அது புகையை மட்டும் அளக்கும். பிரேக்கைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

மாருதி 800 கார் 1983 டிசம்பரில் விற்பனைக்கு வந்தது. 2010 ஏப்ரலில் புதிய புகை விதி வந்தபோது, புனே உட்பட 13 நகரங்களில் இந்தக் காரின் விற்பனையை நிறுத்தினார்கள். 2014-ல் தயாரிப்பும் நின்றது. ஆகவே புனேயில் புதிதாக வாங்கிய மாருதி 800 எதுவானாலும், இன்று அதற்கு 15 வயது ஆகிவிட்டது. மறுபதிவுக் கட்டணமும் 2022-ல் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய் ஆனது. அதனால்தான் பாசிங் ஆன கார் என்றால் விலை ஏறுகிறது.

சோதனையில் என்ன பார்ப்பார்கள்? சேஸிஸ் எண், விளக்கு, ஹாரன், வைப்பர், டயர், பிரேக். எதையும் கழற்றிப் பார்ப்பதில்லை. பிரிட்டனில் மூன்று வயதுக்கு மேல் கார்களை ஆண்டுதோறும் சோதிக்கிறார்கள். அங்கேயும் அரசு தெளிவாகச் சொல்கிறது: இந்தச் சான்று சோதனை நடந்த நேரத்துக்கு மட்டுமே, அடுத்த சோதனை வரைக்கும் அல்ல.

மகாராஷ்டிரத்தில் பிரேக் சோதனை ஒழுங்காக நடப்பதில்லை என்று மும்பை உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. 250 மீட்டர் ஓடுதளம் இல்லாமல் லாரி, பஸ்களுக்குச் சான்று தரக்கூடாது என்று நீதிமன்றம் சொன்னது. நல்ல உத்தரவுதான். ஆனால் 250 மீட்டரில் தெரியாத கோளாறும் உண்டு.

நம் ஆட்கள் குடும்பத்தோடு ஜெஜூரி கோயிலுக்குப் போவார்கள். திரும்பும்போது திவே காட் என்னும் மலைப்பாதையில் இறங்க வேண்டும். வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்தால் சக்கரம் சூடாகும். பிரேக் ஆயிலும் சூடாகும். இந்த ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும் குணம் உள்ளது. ஈரம் ஏறிய ஆயில் சீக்கிரம் கொதிக்கும். கொதித்தால் குமிழி வரும். ஆயிலை அமுக்க முடியாது, குமிழியை அமுக்கலாம். அப்போது பெடல் மெத்தென்று தரை வரை இறங்கும். வண்டி நிற்காது. சமதரையில் ஒரு முறை பிரேக் போட்டுப் பார்த்தால் இது தெரியுமா? தெரியாது. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை பிரேக் ஆயிலை மாற்ற வேண்டும். இந்தச் சின்னச் செலவைச் செய்யாமல் சீட் கவர் மாற்றுகிறவர்கள்தான் அதிகம். மலையில் எந்தக் கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும் என்று பழைய டிரைவர்கள் சொல்வதும் இதற்காகத்தான்.

அடுத்தது துரு. மாருதி 800-க்கு இது பெரிய நோய். கால்மிதியைத் தூக்கித் தரையைப் பாருங்கள். கதவின் அடி ஓரத்தைப் பாருங்கள். ஓட்டையை அடைத்துப் பெயின்ட் அடித்தால் கண்ணுக்குத் தெரியாது. ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி வைத்துப் பாருங்கள். தகடாக இருந்தால் ஒட்டும். பட்டி பூசிய இடத்தில் ஒட்டாது.

எஞ்சின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். சூடாக இருந்தால் திறக்கவே கூடாது, கொதிநீர் முகத்தில் அடிக்கும். உள்ளே தண்ணீர் செம்மண் நிறத்தில் இருந்தால் துருவும் அடைப்பும் இருக்கும். எஞ்சின் ஆயில் மூடியின் அடியில் பால் ஆடை போல இருந்தால், ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கலாம். அது பெரிய செலவு. ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பி ஓட்டும்போது கடகடவென்று சத்தம் வந்தால் முன்சக்கர ஷாஃப்டின் மூட்டு தேய்ந்திருக்கும்.

டயரின் பக்கத்தில் நான்கு எண்கள் உண்டு. 1419 என்றால் 2019-ஆம் ஆண்டின் 14-ஆவது வாரத்தில் செய்தது. சி.என்.ஜி. பொருத்திய காரானால் சிலிண்டரை மூன்று ஆண்டுக்கு ஒரு முறை சோதித்த தேதி வேண்டும். சேஸிஸ் எண்ணை ஒவ்வோர் எழுத்தாக ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள்.

இதையெல்லாம் அக்கா நோட்டில் எழுதிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை அவரும் அவர் கணவரும் தெரிந்த மெக்கானிக் ஒருவரோடு போனார்கள். நானும் போனேன். தரகருக்குப் பிடிக்கவில்லை. "பாசிங் ஆன வண்டிக்கு எதுக்குங்க மெக்கானிக்?" என்றார்.

மெக்கானிக் எஞ்சினை அணைத்தார். பெடலை நாலைந்து முறை மிதித்தார். பிறகு அழுத்தி மிதித்தபடியே வைத்திருந்தார். "எண்ணுங்க அக்கா" என்றார். நல்ல பிரேக் என்றால் பெடல் அசையக்கூடாது. அக்கா முப்பது எண்ணுவதற்குள் அது தரையைத் தொட்டது.

"மாஸ்டர் சிலிண்டரில் ரப்பர் போயிருக்கு. பாசிங் அன்னைக்கு நல்லா இருந்திருக்கலாம். ரப்பர் தேதி பார்த்தா கிழியும்?" என்றார் மெக்கானிக்.

தரைத் தகட்டிலும் இரண்டு இடத்தில் ஓட்டை இருந்தது. எஞ்சின் மட்டும் நன்றாக இருந்தது. பேசிப் பேசி விலை முப்பத்திரண்டாயிரத்துக்கு இறங்கியது. மாஸ்டர் சிலிண்டரும் பிரேக் ஆயிலும் மாற்றிய பிறகுதான் அக்கா பணத்தைக் கொடுத்தார். வெல்டிங் வேலை இன்னும் பாக்கி. மழைக்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்கிறார்.