ஊதாரி மகனின் திரும்புகை
ரெம்பிராண்ட், சுமார் 1668. கேன்வாஸில் எண்ணெய் வண்ணம், 262 × 205 செ.மீ. ஹெர்மிடாஜ் அருங்காட்சியகம், செயின்ட் பீட்டர்ஸ்பர்க்.

லூக்கா நற்செய்தியின் உவமையில், சொத்தை ஊதாரித்தனமாக இழந்து திரும்பும் இளைய மகனைத் தந்தை மன்னித்து ஏற்கிறார்; வீட்டிலேயே உழைத்த மூத்த மகன் அதற்குச் சினக்கிறார். மனத்துக்குள் நிகழும் அந்த மன்னிப்பை ரெம்பிராண்ட் உடலின் அடையாளங்களால் காட்டுகிறார். மழித்த தலை, கந்தல் உடை, பிய்ந்த காலணி, வெறும் உள்ளங்கால் ஆகியவை மகன் இழந்ததையெல்லாம் சொல்லிவிடுகின்றன. அவன் முகமோ பெரும்பாலும் மறைந்திருக்கிறது. அவன் எவ்வளவு வருந்துகிறான் என்று நம்மால் அளக்க முடியாது. ஒளி தந்தையின் முகத்திலும், மகனின் முதுகில் பதிந்த கைகளிலும் குவிகிறது. மன்னிப்பு என்பது வருந்தியவன் ஈட்டும் கூலியன்று, கொடுப்பவரின் அருள் என்ற கிறிஸ்தவ நம்பிக்கை இப்படி உருப்பெறுகிறது. அந்தக் கைகளில் ஒன்று அகன்றும் மற்றது மெலிந்தும் இருப்பதைத் தந்தையன்பு, தாயன்பு எனச் சிலர் விளக்குவர். அதை ஏற்காவிட்டாலும் இந்த வாதம் நிற்கும்.

அருள் இவ்வளவு எளிதா, நேர்மையாக உழைத்தவனுக்கு என்ன நியாயம் என்று கேட்கலாம். ஓவியம் இக்கேள்வியைத் தவிர்க்கவில்லை. வலப்புறம் சிவப்பு மேலாடையில் விறைத்து நிற்பவர் மூத்த மகன் என்பது பரவலான கருத்து. லூக்கா நற்செய்தியில் தம்பி வரும்போது அவர் வயலில் இருக்கிறார். ரெம்பிராண்ட் அவரை இங்கேயே சாட்சியாக நிறுத்துகிறார். தந்தையின் கைகள் விரிந்து அணைக்க, இவருடைய கைகள் ஒன்றையொன்று பற்றியிருக்கின்றன. மன்னிப்பைப் போற்றும்போதே அதை ஏற்க இயலாதவருக்கும் இடமளிப்பதால்தான் இந்த ஓவியம் வெறும் அறவுரையாகக் குறுகவில்லை.