கடைமடையில் ஓர் அளவுகோல்

கடைமடை என்னும் சொல்லை உழவர் நமக்கு அளித்தனர். வாய்க்காலின் தலைப்பில் நீர் நிறைந்தோடினும், கடைசி வயலுக்கு வந்துசேர்ந்ததே கணக்கு. தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டாகிய ஸ்ரீவைகுண்டத்திற்கும் கீழே, முத்துக்குளித்துறையில் வாழும் நமக்கு அதன் பொருளை எவரும் விளக்க வேண்டுவதில்லை. வானொலியின் ஒலித்தரத்தையும் வீட்டுக் குடிநீரையும் தானியங்கிக் கருவிகள் அளந்துவரும் இக்காலத்தில், அக்கருவிகளையும் அச்சொல்லைக் கொண்டே நோக்குவோம்.

முதற்கண் வானொலி. தூத்துக்குடி வானொலியின் 200 கிலோவாட் மத்திய அலை ஒலிபரப்பி, 1053 கிலோஹெர்ட்சில் இலங்கை நேயர்களை நோக்கி ஒலித்ததை மூத்தோர் அறிவர். உப்புநீர் மின்சாரத்தை நன்கு கடத்தும். ஆதலின் இவ்வலை நிலத்தின் மீது செல்வதைக் காட்டிலும் மன்னார் வளைகுடாவின் மீது நெடுந்தொலைவு தளராது செல்லும். இரவிலோ, வானின் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பும் அலையும் உடன் வந்து கலக்க, ஒலி ஏறியிறங்கும். நிலையத்திலுள்ள மானி இதனைக் காட்டாது. முன்னாளில் தொலைதூர நேயர்கள் ஒலியின் வலிமை, பிற நிலையங்களின் இடையூறு, இரைச்சல், ஏற்றயிறக்கம், மொத்தத் தரம் ஆகிய ஐந்திற்கும் மதிப்பெண் இட்டு அஞ்சலில் அனுப்புவர். நிலையங்கள் வண்ண அட்டை அனுப்பி அதனை உறுதிசெய்யும். இன்று தொலைவில் நிறுவப்பெறும் ஏற்பிகள் அப்பணியை இரவும் பகலும் தாமே செய்ய வல்லன.

குடிநீரின் நிலையும் இதுவே. குரூஸ் பர்னாந்து நகர்மன்றத் தலைவராயிருந்து, 1927இல் வல்லநாட்டிலிருந்து குழாய்நீர் கொணர்ந்த நகரம் தூத்துக்குடி. நகரத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர், 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தின்படி ஊரகத்தில் 55 லிட்டர் என்பன அரசு வகுத்த அளவுகள். மேல்நிலைத் தொட்டியின் வாயிலில் மட்டும் அளந்தால் அவை நிறைவெய்தியதாகவே தோன்றும். (விட்டுவிட்டு நீர் வரும் குழாயில் முதலில் காற்றே வரும்; சக்கரம் சுழலும் பழைய நீர்மானி அக்காற்றையும் நீரெனக் கணக்கிடும். காற்றுக்கும் காசா என்று தாய்மார் கேட்பின் அது நகையன்று.)

கசிவை அறிய உலகெங்கும் ஒரு முறை கையாளப்படுகிறது. பின்னிரவு 2 மணி முதல் 4 மணி வரை ஊர் உறங்கும். அப்போதும் நீர் ஓடின் குழாயில் கசிவு உண்டு என்பது கருவியின் துணிபு. ஆனால் காயல்பட்டினத்தில், ரமலானில் அந்நேரத்தில்தான் ஸஹர் உணவுக்கு அடுப்பு மூட்டப்பெறும்; ஒளுச் செய்ய நீர் திறக்கப்பெறும். விடியுமுன் கடலுக்குப் புறப்படுவோர் தெருக்களிலோ ஆண்டு முழுதும் அவ்வாறே. சென்ற ஆண்டின் அதே தேதியோடு ஒப்பிட்டாலும் பயனில்லை. பிறைக் கணக்கில் வரும் ரமலான் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாள் முன்னே நகரும். இதனைக் கருவிக்குக் கற்பிக்க வேண்டியவர் ஊரறிந்தவரே.

மற்றொன்றும் கருதத்தக்கது. மணிதோறும் வீட்டு நீரைக் குறிக்கும் மானி, வீடு பூட்டிக் கிடந்த நாளையும் விருந்தினர் வந்த நாளையும் அறியும். அக்குறிப்பு யார் கையில், எத்துணை நாள் இருக்கும் என்பதனை மானி பொருத்தும் நாளிலேயே வீட்டார் வினவலாம். வீடுதோறும் மானி வைக்குமுன், தெருக்கோடியில் ஓர் அழுத்தமானி வைத்து, அதன் எண்ணைத் தெருவார் காணுமாறு பலகையில் நாள்தோறும் எழுதி வைத்தல் நன்று என்போம்.