தஞ்சாவூரில் அடிபட்ட தியோடலைட்: ஒரு கோணத்தை ஏன் இத்தனை தடவை அளக்கிறாங்க?

ரோட்டோரம் மூணு கால் ஸ்டாண்ட் போட்டு, ஒருத்தர் ஒரு கண்ணை மூடிக்கிட்டு ஏதோ கருவிக்குள்ள பார்த்துக்கிட்டு நிற்பாரே, கவனிச்சிருக்கீங்களா? இப்போ பெரும்பாலும் அது டோட்டல் ஸ்டேஷன். அதோட தாத்தாதான் தியோடலைட். இன்னைக்கு எபிசோட் அதைப் பத்தி.

1808. வில்லியம் லாம்டன் தென்னிந்தியாவை அளந்துக்கிட்டு வர்றார். காவிரி டெல்டாவுல மலையே கிடையாது. எங்க பார்த்தாலும் தென்னையும் பனையும் மறைக்குது. அதனால கோயில் கோபுரங்கள் மேல ஏறித்தான் அளக்கணும். தஞ்சைப் பெரிய கோயில்ல கருவியை மேல தூக்கும்போது கயிறு அறுந்து, அது சுவத்துல மோதிடுச்சு. சாதாரணக் கருவி இல்லைங்க. எடை கிட்டத்தட்ட அரை டன். கோணம் காட்டுற வட்டம் மட்டும் 36 அங்குலம். அந்த வட்டமே நெளிஞ்சு போச்சு. லாம்டன் சுமார் ஆறு வாரம் உட்கார்ந்து, கொஞ்சம் கொஞ்சமா அதை நிமிர்த்தினார்.

ஒரு நெளிவுக்கு ஏன் இவ்வளவு பாடு? சர்வேயில தூரத்தை அளக்கிறதுதான் கஷ்டம். 1802-ல சென்னை பரங்கிமலை பக்கத்துல சுமார் 12 கி.மீ. நேர்கோட்டைச் சங்கிலியால அளக்க 57 நாள் ஆச்சு. அதனால ஒரு கோட்டை மட்டும் அப்படி அளந்துட்டு, அதோட ரெண்டு முனையிலயும் நின்னு தூரத்துல இருக்குற ஒரு புள்ளிக்குக் கோணம் எடுப்பாங்க. ஒரு பக்கமும் ரெண்டு கோணமும் தெரிஞ்சா முக்கோணம் முழுசும் தெரிஞ்சிடும். அதோட பக்கம் அடுத்த முக்கோணத்துக்கு அடித்தளம். அப்போ ஒரு கோணம் தப்பினா, அடுத்தடுத்து எல்லாமே தப்பு. ஒரு டிகிரியில 3600-ல ஒரு பங்குதான் ஒரு விநாடி. அந்த ஒரு விநாடி பிழை 50 கி.மீ. தள்ளிப் போனா கிட்டத்தட்ட 24 செ.மீ. ஆகிடும்.

சரி, எப்படி அளக்கிறது? காலேஜ் லேப்ல இருக்குற வெர்னியர் தியோடலைட்டையே எடுத்துக்குவோம். முதல்ல தரையில இருக்குற புள்ளிக்கு நேர் மேல கருவி வரணும். அதுக்குத் தூக்குக்குண்டு. அப்புறம் அடித் திருகுகளைத் திருப்பி, ரசமட்டக் குமிழி எந்தப் பக்கம் சுத்தினாலும் நடுவுலயே நிற்கிற மாதிரி பண்ணணும்.

கருவியில ரெண்டு தட்டு, ரெண்டு கிளாம்ப். மேல் கிளாம்பைப் பூட்டி அளவை பூஜ்யத்துல வச்சுட்டு, கீழ் கிளாம்பைத் தளர்த்தி முதல் குறி 'அ'-வைப் பார்த்து, கீழே பூட்டிடணும். இப்போ மேல் கிளாம்பை மட்டும் தளர்த்தி 'ஆ' பக்கம் திருப்பணும். இந்த நேரத்துல கை தவறிக் கீழ் கிளாம்பைத் தளர்த்தினா அவ்வளவுதான், மறுபடி முதல்லேருந்து. லேப்ல எல்லாரும் ஒரு தடவையாவது பண்ற தப்பு இது.

62 டிகிரி 14 நிமிஷம் 20 விநாடி வருதுன்னு வைங்க. முடிஞ்சுதா? இல்ல. தொலைநோக்கியைத் தலைகீழாப் புரட்டி, கருவியை 180 டிகிரி திருப்பி, அதே ரெண்டு குறியையும் மறுபடி பார்க்கணும். முதல்ல எடுத்தது ஃபேஸ் லெஃப்ட், இது ஃபேஸ் ரைட். இப்போ 62 டிகிரி 14 நிமிஷம் 00 விநாடி வந்தா, சராசரி 10 விநாடி. தொலைநோக்கியோட பார்வைக்கோடு லேசா ஒரு பக்கம் சாய்ஞ்சிருந்தா, புரட்டினதும் அந்தப் பிழை எதிர்ப்பக்கம் வரும். சராசரியில ரெண்டும் அடிபட்டுப் போயிடும். எதிரெதிரா இருக்குற ரெண்டு வெர்னியரையும் படிக்கிறது, வட்டத்தோட மையம் விலகியிருந்தா அதைச் சரிக்கட்ட. வட்டத்துல கோடு கீறினதுலயே பிசகு இருந்தா? ஒவ்வொரு தடவையும் வேற வேற அளவுலேருந்து ஆரம்பிக்கணும், பிழை குறையும்.

அதாவது கருவி சுத்தமா இருக்கும்னு நம்பாம, அதோட குறையை அதை வச்சே கழிக்கிறாங்க. அதுதான் இங்க அழகு.

ஆனா சராசரி காப்பாத்தாத தப்பும் இருக்கு. குமிழி சரியில்லாம கருவியே சாய்ஞ்சு நின்னா, ரெண்டு ஃபேஸ்லயும் அதே பிழைதான் வரும். தூக்குக்குண்டு விலகினாலும் அப்படித்தான். 1 செ.மீ. விலகல் ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்குற குறிக்கு அதிகபட்சம் ரெண்டு விநாடிப் பிழை. 20 மீட்டர்ல இருக்குற குறிக்கு நூறு விநாடிக்கு மேல! அதனால நெருக்கமான நகரத்து மனையை அளக்கும்போதுதான் கருவியை வைக்கிறதுல ரொம்பக் கவனம் வேணும். டோட்டல் ஸ்டேஷன் வந்தும் இது மாறல. திரையில நம்பர் விநாடி சுத்தமாத் தெரியும். கால் எங்க ஊன்றியிருக்குன்னு நாமதான் பார்க்கணும்.

லாம்டனோட கருவி? அந்த அடிக்கு அப்புறமும் பல வருஷம் அதே கருவிதான் வேலை பார்த்துச்சு. அடுத்த தடவை ரோட்டோரம் சர்வே பண்றவரைப் பார்த்தா, தயவுசெஞ்சு ஸ்டாண்ட் காலைத் தட்டிடாம தள்ளிப் போங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!