மோந்தன்யார் யார்?

பிரெஞ்சு மொழியில் மலையை ‘மோந்தாஞ்’ என்பார்கள். மலையில் வாழ்பவர் ‘மோந்தன்யார்’. ஆல்ப்ஸ், பிரனீஸ் மலைக் கிராமத்தாரை பிரான்ஸில் இன்றும் அப்படித்தான் குறிப்பிடுகிறார்கள். ஆனால் வரலாற்று நூல்களில் இந்தச் சொல் எதிர்ப்பட்டால் கொஞ்சம் நிதானித்துப் படிக்க வேண்டும். அங்கே அது, ஒருவருக்கொருவர் எந்தத் தொடர்பும் இல்லாத இரு கூட்டத்தாரின் பெயர்.

முதல் கூட்டம் பிரெஞ்சுப் புரட்சியின் தீவிரவாதிகள். புரட்சிக் கால மன்றத்தில் உயரமான வரிசைகளில் உட்கார்ந்ததால் அவர்கள் அணிக்கு ‘மலை’ என்றும், உறுப்பினர்களுக்கு ‘மோந்தன்யார்கள்’ என்றும் பெயர் வந்தது. ரோபெஸ்பியர், தாந்தோன், மாரா ஆகியோர் இந்த அணியினர். எந்தப் பக்கமும் உறுதியாகச் சேராமல் கீழ்வரிசைகளில் இருந்தவர்கள் ‘சமவெளி’. பிடிக்காதவர்கள் அவர்களைச் ‘சதுப்பு’ என்று கேலி செய்தார்கள். 1793 ஜனவரியில் மன்னர் பதினாறாம் லூயியின் தலை துண்டிக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூனில் எதிரணியான ஜிரோந்தினரின் தலைவர்களை மன்றத்திலிருந்து அகற்றி, மலை அணி அதிகாரத்தைக் கைப்பற்றியது. 1794 ஜூலையில் ரோபெஸ்பியரும் கில்லட்டினுக்குப் பலியானதோடு அந்த ஆதிக்கம் சரிந்தது.

இரண்டாம் கூட்டத்தார் மெய்யாகவே மலைவாசிகள். வியட்நாமின் மத்திய மேட்டுநிலத்தில் எடே, ஜராய், பானார், கொஹோ, ம்னோங் எனப் பல இனத்தவர் வாழ்கிறார்கள். எடே, ஜராய் மொழிகள் மலாய் மொழிக்கு உறவு. பானார், ம்னோங் மொழிகள் கம்போடியாவின் கெமெருக்கு உறவு. எடே குடும்பங்களில் தாய்வழியே வாரிசுரிமை. தாய்வழி உறவினர் பலர் ஒரே நீண்ட வீட்டில் கூடி வாழ்வது மரபு. பானார் ஊர்களிலோ, வானுயர்ந்த கூரையுள்ள பொதுமன்றம்தான் ஊரின் நடுநாயகம்.

சமவெளி வியட்நாமியர் இத்தனை பேரையும் ‘காட்டுமிராண்டி’ என்ற பொருளில் ‘மோய்’ என்றே அழைத்தார்கள். பிரெஞ்சுக்காரர்களும் முதலில் அதையே எடுத்துக்கொண்டு, பிறகு மெல்ல ‘மோந்தன்யார்’ என்பதற்கு மாறினார்கள். 1946 இல் இந்த மேட்டுநிலத்தைத் தனி நிர்வாகப் பகுதியாக்கியபோது, அதன் அதிகாரப்பூர்வப் பெயரிலேயே இந்தச் சொல் ஏறியது. வசவு நீங்கியது நல்லதுதான். ஆனாலும் வேறு வேறு மொழியும் வழக்கமும் உள்ள மக்களை ஒரே பட்டியில் அடைப்பது நீங்கவில்லை.

அந்தப் பெயரை அம்மக்களே பின்னர் ஆயுதமாக்கிக்கொண்டார்கள். சமவெளியிலிருந்து குடியேறியவர்கள் நிலத்தைப் பிடித்துக்கொள்ள, 1958 இல் பானார், ஜராய், ராடே (எடே), கொஹோ ஆகிய நான்கு பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்து ‘பஜராகா’ என்ற இயக்கம் தன்னாட்சி கேட்டது. 1964 இல் ‘ஃபுல்ரோ’ என்ற ஆயுத முன்னணி உருவானது. வியட்நாம் போரில் பல்லாயிரம் மலைவாசிகள் அமெரிக்கச் சிறப்புப் படையோடு நின்று போரிட்டார்கள். 1975 இல் போர் முடிந்த பின் ஃபுல்ரோவினர் காட்டுக்குள் ஒதுங்கினார்கள். கம்போடியக் காட்டில் எஞ்சியிருந்த சுமார் 400 பேர் 1992 இல் ஆயுதங்களை ஒப்படைத்துவிட்டு அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் குடியேறினார்கள்.

இன்றைய வியட்நாம் அரசின் பட்டியலில் ‘மோந்தன்யார்’ என்ற இனமே இல்லை. எடே, ஜராய், பானார் என்று ஒவ்வோர் இனமும் அதனதன் பெயரால், 54 இனங்களுள் ஒன்றாக இடம்பெறுகிறது. வட கரோலினாவில் குடியேறியவர்களோ தங்கள் சங்கங்களுக்கு அதே பிரெஞ்சுப் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.