தொடக்கநிலைச் சமயக்கல்வியில் வினாவிடை முறை: நாவலரின் சைவ வினாவிடை முதற்புத்தகம்

முன்னுரை

இலங்கைப் பள்ளிகளில் சமயம் தொடக்க வகுப்புகளிலிருந்தே ஒரு பாடமாகக் கற்பிக்கப்படுகிறது. சைவச் சிறார்க்குரிய சமயக்கல்வியை அச்சு நூல்வழி ஒழுங்குபடுத்தியவர்களுள் முதன்மையானவர் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் (1822–1879). அவர் கையாண்ட வினாவிடை முறையின் பயனையும் எல்லையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

முறையின் பின்புலம்

வெஸ்லியன் மிஷன் பள்ளியில் பயின்று அங்கேயே கற்பித்த நாவலர், பீற்றர் பேர்சிவலின் விவிலிய மொழிபெயர்ப்புப் பணிக்கும் துணைநின்றார். வினாவிடை வழியாகச் சிறார்க்குச் சமயம் கற்பிப்பது கிறித்தவ மரபில் வேரூன்றிய முறையாகும். நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையிலும் 1864இல் சிதம்பரத்திலும் சைவப்பிரகாச வித்தியாசாலைகளை நிறுவினார். பாலபாடங்களும் சைவ வினாவிடையும் இக்கல்விப் பணியின் பயனாய் எழுந்தவை.

வினாவும் விடையும் தமிழ்ச் சைவ மரபுக்குப் புதியன அல்ல. மெய்கண்ட சாத்திரங்களுள் ஒன்றான உண்மை விளக்கம் இவ்வடிவில் அமைந்ததே. ஆயின் அங்கு வினவுபவர் மாணாக்கர், விடையிறுப்பவர் ஆசிரியர். சைவ வினாவிடையைக் கொண்டு நிகழும் வகுப்பிலோ ஆசிரியர் வினவ, குழந்தை விடை கூறுகிறது.

பயனும் எல்லையும்

விடைகள் சிறியனவாதலின் குழந்தைகள் எளிதில் மனங்கொள்வர். வீட்டில் பெற்றோரும் கேட்டுத் திருத்தலாம். ஆயினும் குழந்தைக்கு இயல்பாக எழும் ஐயத்திற்கு இம்முறையில் இடம் குறைவு. தான் கேளாத வினாவிற்கு உரிய விடையையே அது மனனம் செய்கிறது.

முதற்புத்தகம் கடவுளியலில் தொடங்கி, பின்னரே விபூதி, நித்திய கருமம், சிவாலய தரிசனம் ஆகியவற்றைக் கூறுகிறது. சித்தாந்த ஒழுங்கிற்கு இவ்வைப்பு பொருந்தும். ஆனால் ஏழு வயதுக் குழந்தை நாள்தோறும் கண்டறிவது விபூதியையும் கோயிலையுமே. ஆசிரியர் அவற்றிலிருந்து பாடத்தைத் தொடங்கினால், விபூதியை ஏன் அணிகிறோம், கோயிலை ஏன் வலம் வருகிறோம் என்னும் வினாக்கள் குழந்தைகளிடமிருந்தே எழும். அப்போது நூலின் விடை அவர்தம் வினாவிற்கு உரிய விடையாகிறது.

முடிவுரை

நூலை மாற்றாமலே அதன் இயல்களைக் கற்பிக்கும் வரிசையை மாற்றலாம். மனனத்தை முற்றிலும் விலக்குவதும் வேண்டியதன்று. வினவும் உரிமையைக் குழந்தைக்கு மீட்டளிப்பதே தொடக்கநிலைச் சமய ஆசிரியரின் முதற்கடமை. உண்மை விளக்கம் காட்டும் மரபும் அதுவே.